குறும்படமும் நம் குடும்பப் பெண்களும்



தோட்டத்தில் படம் போடுகிறார்கள் என்றால் ஒரு காலத்தில் அது திருவிழாவுக்குச் சமம். பொழுது சாய்வதற்கு முன்பே திடலில் பாய் விரித்து இடம் பிடிப்போம். இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டப்படும். 1946ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மலாயா பிலிம் யூனிட்டின் செய்திப் படங்களைத் தகவல் இலாகாவின் வேன் கொண்டுவந்து காட்டியதும் உண்டு. தமிழ்நாட்டுப் படமென்றால் கேட்கவே வேண்டாம். கதாநாயகன் சண்டை போடுவார், கதாநாயகி ஆடுவார், தாயாக வருகிறவர் கண்ணீர் விடுவார். நம் தாய்மாரும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பார்கள்.

படம் முடிந்து லயத்துக்குத் திரும்ப நள்ளிரவாகிவிடும். விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் அதே தாய் எழுந்துவிடுவார். அடுப்பு மூட்டி, சோறாக்கி, கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவார். நிரையில் நூற்றுக்கணக்கான மரங்களுக்குப் பால் வெட்டி, மங்கு துடைத்து, பாலை வாளியில் சேர்த்து, காண்டாவைத் தோளில் சுமந்து வந்து நிறுக்கக் கொடுப்பார். பிறகு வீட்டுக்கு வந்தால் விறகு, தண்ணீர், துணி, மறுபடியும் அடுப்பு.

திரையில் அழுத தாயைப் பார்த்து நாம் எல்லோரும் அழுதோம். ஆனால் பெரட்டுக்கு ஓடிய இந்தத் தாயை எந்தத் திரையிலாவது பார்த்திருக்கிறோமா? ஏன் பார்க்கவில்லை? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இன்று, பெண்கள் எடுக்கும் குறும்படங்களைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறோம்.

முதலில், குறும்படம் என்றால் என்ன? பெயரிலேயே பொருள் இருக்கிறது. குறுகிய நேரத்தில் முடிந்துவிடும் படம். அமெரிக்காவின் ஆஸ்கார் விருதுக்காரர்கள் 40 நிமிடத்துக்கு மேற்போகாத படத்தைக் குறும்படம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரே நிமிடத்தில் முடிகிற குறும்படமும் உண்டு. கற்பனைக் கதையைச் சொன்னால் அது கதைப்படம். உண்மை மனிதர்களையும் உண்மை நிகழ்ச்சிகளையும் காட்டினால் அது ஆவணப்படம். நாவலுக்கும் சிறுகதைக்கும் என்ன உறவோ, பெரிய படத்துக்கும் குறும்படத்துக்கும் ஏறக்குறைய அதே உறவு என்று சொல்லலாம்.

பெரிய படத்துக்குப் பெரும்பணம் வேண்டும். பணம் போட்டவர் அதைத் திரும்ப எடுக்கப் பார்ப்பார். அதனால் பாட்டு வேண்டும், சண்டை வேண்டும், பெயர்பெற்ற நடிகர் வேண்டும். பால்மரத்தடியில் ஒரு பெண் மங்கு துடைக்கும் கதைக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது. குறும்படத்துக்கு அத்தனை பணம் தேவையில்லை. ஆகவே பெரிய படம் தொடத் தயங்கும் வாழ்க்கையைக் குறும்படம் தயங்காமல் தொட முடிகிறது. பெண்கள் பலர் இந்த வழியாகத் திரைத்துறைக்குள் நுழைந்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

பெண்கள் படம் எடுப்பது நேற்று வந்த புதுமை அன்று. பிரான்ஸ் நாட்டில் ஆலிஸ் கீ என்ற பெண் ஒரு கேமரா நிறுவனத்தில் செயலாளராக வேலை பார்த்தார். சினிமா பிறந்து ஓராண்டுகூட நிறையாத 1896ஆம் ஆண்டில், முட்டைக்கோசுத் தோட்டத்திலிருந்து ஒரு தேவதை குழந்தைகளை எடுத்துத் தருவதாக ஒரு சிறிய படத்தை அவர் எடுத்தார். அது ஏறக்குறைய ஒரு நிமிடப் படம். உலகின் முதல் பெண் இயக்குநர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். நம் தமிழிலோ, 1931இல் வந்த ‘காளிதாஸ்’ என்ற முதல் தமிழ்ப் பேசும் படத்தில் நடித்த டி. பி. ராஜலட்சுமி அம்மையார், 1936இல் ‘மிஸ் கமலா’ என்ற படத்தைத் தாமே எழுதி இயக்கினார். பெண் வெளியே வந்து பேசுவதே குற்றமென்று கருதிய காலம் அது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். யாஸ்மின் அகமது என்ற பெயரை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1958இல் மூவாரில் பிறந்தவர். கோலாலம்பூரில் விளம்பரத் துறையில் வேலை பார்த்தவர். பண்டிகைக் காலங்களில் பெட்ரோனாஸ் நிறுவனத்துக்காக அவர் எடுத்த சிறு படங்கள் தொலைக்காட்சி வழியாக வீடுதோறும் வந்தன. சீனப் புத்தாண்டுக்காக எடுத்த ஒன்றை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். முதியோர் இல்லத்தில் சில மூதாட்டிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். என் மகன் இப்படி உயர்ந்திருக்கிறான், உன் மகன் எப்படி என்று பெருமை பேசுகிறார்கள். ஒரு தாய் மட்டும் பேசாமல் இருக்கிறார். அந்த நேரத்தில் அவருடைய மகன் குடும்பத்தோடு வந்து தாயை வெளியே அழைத்துப் போகிறான். மற்றத் தாய்மார் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. பார்த்தவர்களில் எத்தனை பேர் உடனே அம்மாவை நினைத்துக்கொண்டார்களோ!

அந்த மூதாட்டிகள் சீனர்கள். எடுத்தவர் மலாய்க்காரர். பார்த்துக் கலங்கியவர்களில் நாமும் உண்டு. தாயின் தனிமைக்கு இனமில்லை என்பதை இரண்டு மூன்று நிமிடங்களில் அவர் உணர்த்திவிட்டார். 2009இல் வெளிவந்த அவருடைய ‘டேலண்டைம்’ என்ற பெரிய படத்தில், காது கேளாத மகேஷ் என்ற தமிழ் இளைஞனும் அவனுடைய விதவைத் தாயும் முக்கியப் பாத்திரங்கள். அதே ஆண்டு ஜூலை மாதம் யாஸ்மின் காலமானார். இன்றும் பண்டிகை வந்தால் மக்கள் அவருடைய சிறு படங்களைத் தேடிப் பார்க்கிறார்கள்.

அடுத்தவர் தான் சுய் முய். பகாங் மாநிலத்தில், கடலோரச் சிற்றூர் ஒன்றில் பிறந்த சீனப் பெண். மல்டிமீடியா பல்கலைக்கழகத்தில் கணினி அசைபடக் கலை பயின்றவர். 2004இல் அவர் எடுத்த குறும்படத்தின் பெயர் ‘தஞ்சோங் மாலிமில் ஒரு மரம்’. பதினெட்டு வயதை எட்டும் ஒரு பெண்ணுக்கும் அவளைவிட வயதில் மூத்த ஓர் ஆணுக்கும் இடையே நடக்கும் பேச்சும் பழக்கமுமே அந்தப் படம். சண்டையில்லை, பெரிய திருப்பமில்லை. ஜெர்மனியில் ஓபர்ஹவுசன் என்ற நகரில் 1954 முதல் குறும்படங்களுக்கென்றே ஒரு விழா நடந்து வருகிறது. அங்கே அந்தப் படம் முதன்மைப் பரிசு பெற்றது. ரயிலில் வடக்கே போகும்போது நாம் சன்னல் வழியாகப் பார்த்துக் கடந்துபோகும் ஊர்தானே தஞ்சோங் மாலிம்! நாம் கடந்துபோகும் ஊரில் ஒரு கதை இருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது.

மூன்றாமவர் அமாண்டா நெல் யூ. மலாய் மக்களிடையே ஒரு பழமொழி உண்டு. ஒரு கன்னிப் பெண்ணைக் காவல் காப்பதைவிட ஒரு தொழுவம் மாடுகளைக் காப்பது எளிது என்பது அதன் பொருள். நம் வீடுகளிலும், மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று வயது வந்த மகளைப் பெற்ற தாய் சொல்வதுண்டு அல்லவா? அந்த மலாய்ப் பழமொழியிலிருந்தே பெயரை எடுத்து, கிராமத்துப் பெண்கள் இருவரின் நட்பை அவர் 2017இல் குறும்படமாக்கினார். அது இத்தாலியின் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டது. அடுத்த ஆண்டு, மருத்துவமனையில் ஓயாமல் உழைக்கும் ஒரு தாதியைப் பற்றி இன்னொரு குறும்படம் எடுத்தார். குறும்படங்களில் பழகிய கை, 2023இல் ‘டைகர் ஸ்டிரைப்ஸ்’ என்ற பெரிய படத்தைத் தந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி பூப்படைகிறாள். உடன் படிக்கும் தோழியரே அவளை ஒதுக்குகிறார்கள். அவள் உடல் மெல்ல மெல்லப் புலியாக மாறுகிறது. பிரான்சின் கான் திரைவிழாவில், விமர்சகர் வாரப் பிரிவின் பெரும்பரிசை அந்தப் படம் வென்றது. அதே ஆண்டு அக்டோபரில் நம் நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தபோது தணிக்கையில் சில காட்சிகள் வெட்டப்பட்டிருந்தன. வெட்டப்பட்ட அந்த வடிவத்தைத் தம் படமென்று ஏற்க முடியாது என இயக்குநர் வெளிப்படையாகவே அறிவித்தார்.

இந்தக் கதை நமக்குப் புதியதா? நம் வீடுகளில் பெண் பூப்படைந்தால் ஊரைக் கூட்டி மஞ்சள் நீராட்டுகிறோம். தாய்மாமன் சீர் வருகிறது. ஆனால் அந்த நாளில் அந்தச் சிறுமியின் மனத்தில் என்ன ஓடியது என்று எப்போதாவது கேட்டிருக்கிறோமா? அதைக் கேட்பவர் பெரும்பாலும் அதைத் தாமே கடந்து வந்த ஒருவராகத்தான் இருப்பார்.

இந்த நாட்டுத் தமிழ்ப் பெண்களும் பின்தங்கிவிடவில்லை. விமலா பெருமாள் ‘விளையாட்டுப் பசங்க’, ‘வெட்டிப் பசங்க’, ‘வெடிகுண்டுப் பசங்க’ என்று தமிழ்ப் படங்களை இயக்கி, உள்ளூர்த் தமிழ்ப் படத்துக்கும் கூட்டம் வரும் என்று காட்டினார். ஷாலினி பாலசுந்தரம் 2016இல் ‘கீதையின் ராதை’யை இயக்கி, அதில் தாமே நடித்தார். ஆவணப்படத் துறையில் இந்திராணி கோபால் இருக்கிறார். அமெரிக்காவில் சிறைக்குள் சென்று ஆண் கைதிகளுக்கு நடனம் கற்பிக்கும் ஓர் ஆசிரியையைப் பற்றி அவர் குறும்படம் எடுத்தார். நம் பெண்ணொருத்தி கேமராவைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போயிருக்கிறாள் என்றால் பெருமைப்படத்தானே வேண்டும்!

தமிழ்நாட்டைச் சேர்ந்த கவிஞர் லீனா மணிமேகலை. 2002இல் ‘மாத்தம்மா’ என்ற குறும்படம் எடுத்தார். சிறு பெண்பிள்ளைகளைத் தெய்வத்துக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தை அது காட்டியது. பிறகு ‘தேவதைகள்’ என்ற ஆவணப்படம். பெயரைக் கேட்டால் பட்டுடுத்திய பெண்கள் நினைவுக்கு வருவார்கள். படத்தில் வருபவர்களோ மூன்று உழைப்பாளிப் பெண்கள். ஒருவர் சாவு வீடுகளில் ஒப்பாரி பாடுகிறவர். ஒருவர் கடலுக்குப் போகும் மீனவப் பெண். ஒருவர் பிணங்களைப் புதைக்கிறவர். மும்பை அனைத்துலக விழாவில் இந்தப் படம் தங்கச் சங்கு விருது பெற்றது.

ஒப்பாரி பாடுகிற பெண்ணை நமக்குத் தெரியாதா? தோட்டத்தில் சாவு என்றால் முதலில் குரலெடுப்பவர் ஒரு பாட்டியாகத்தான் இருப்பார். இறந்தவரின் குணம், பட்ட பாடு, விட்டுப்போன பிள்ளைகள் எல்லாம் அந்தப் பாட்டில் வரும். ஏட்டில் எழுதாத வரலாறு அது. அந்தப் பாட்டிகள் போனபோது பாட்டும் அவர்களோடு போயிற்று.

நம்மைப் போலவே தோட்டத்தை நம்பிக் கடல் கடந்து போனவர்கள் இலங்கையின் மலையகத் தமிழர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த சுமதி சிவமோகன் 2013இல் அவர்களைப் பற்றி ‘இங்கிருந்து’ என்ற முழுநீளப் படத்தை இயக்கினார். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணை அழகான காட்சியாக மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு, அவளுக்கும் ஒரு வரலாறும் ஒரு வழக்கும் உண்டு என்று சொன்ன படம் அது.

நேயர்களே, நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். பெண்ணின் கதையை ஆண் எடுக்கக் கூடாதா? தாராளமாக எடுக்கலாம். 2005இல் தீபக் குமரன் மேனன் எடுத்த ‘செம்மண் சாலை’ ரப்பர் தோட்டத்தில் நடக்கும் கதை. மேற்படிப்புக்கு ஆசைப்படும் ஒரு தோட்டத்துப் பெண்ணை அது அன்போடும் பொறுமையோடும் காட்டியது. ஆகவே ஆண், பெண் என்பது மட்டும் செய்தியன்று. கேமரா எதன் முன்னே நிற்கிறது என்பதுதான் செய்தி. கேமரா தானாக எதையும் பார்ப்பதில்லை. அதைப் பிடித்திருக்கும் கை எங்கே திருப்புகிறதோ அதைத்தான் பார்க்கும். எது முக்கியம் என்று தோன்றுகிறதோ அங்கேதான் அந்தக் கையும் திரும்பும். அடுப்படியில் நிற்காதவருக்கு அடுப்படி ஒரு மூலை. அங்கேயே பாதி வாழ்நாளைக் கழித்தவருக்கு அது ஓர் உலகம்.

ஓர் உதாரணம் பாருங்கள். களைக்கொல்லி மருந்து அடிக்கும் வேலையைச் செம்பனைத் தோட்டங்களில் செய்தவர்களில் மிகப் பலர் பெண்கள். மருந்துத் தோம்பை முதுகில் சுமந்து காலையிலிருந்து நடப்பார்கள். தோல் எரியும், நகம் கறுக்கும், மூக்கில் இரத்தம் வரும். கோலாலம்பூரின் தெனாகானித்தா என்ற பெண்கள் அமைப்பு இவர்களிடம் பேசி, 2002இல் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. பாராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லி நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் முற்றாகத் தடை செய்யப்பட்டது. அத்தனை ஆண்டுகள் அந்தத் தோம்பைச் சுமந்த பெண்ணின் முகத்தை எத்தனை படங்களில் கண்டோம்? அவருடைய விரல் நகத்தை அருகில் காட்டும் ஒரு நிமிடப் படம் இருந்திருந்தால், படித்தறியாதவருக்கும் அந்த அறிக்கையின் பொருள் புரிந்திருக்கும்.

இன்னொரு மறுப்பும் நம் குடும்பங்களில் எழுகிறது. “நாம் பட்ட கஷ்டத்தை ஊருக்குக் காட்டி அவமானப்பட வேண்டுமா? பிள்ளைகள் படித்து, கிள்ளானிலும் பூச்சோங்கிலும் வீடு வாங்கி நல்ல நிலையில் இருக்கிறார்கள். லயத்துக் கதை இனி எதற்கு?” என்று பெரியவர்களே கேட்கிறார்கள். இந்த மனக்குறையில் நியாயம் இல்லாமலில்லை. நம்மைக் குடிகாரர்களாகவும் குண்டர்களாகவும் மட்டும் காட்டிய படங்களைப் பார்த்து நாமும் மனம் நொந்திருக்கிறோம். வெளியிலிருந்து வந்தவர் நம் வறுமையை மட்டும் படம்பிடித்துக்கொண்டு போனால் அது அவமானம்தான். ஆனால், சொந்த மகள் தாயின் அருகில் உட்கார்ந்து அவருடைய உழைப்பைக் கேட்டுப் படமெடுத்தால் அது அவமானமா? அது மரியாதை. அதே படத்தில் கஷ்டமும் வரும், சிரிப்பும் வரும், கங்காணியை எதிர்த்துப் பேசிய துணிச்சலும் வரும்.

இதில் நாம் கட்டாயம் காக்க வேண்டிய நெறி ஒன்று உண்டு. யாரைப் படம் எடுக்கிறோமோ அவருடைய சம்மதம் வேண்டும். பாட்டிதானே என்று கேட்காமல் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிடக் கூடாது. சொல்ல விரும்பாததை வற்புறுத்திக் கேட்கவும் கூடாது. குடும்பத்தில் ஒருவர் அடித்ததை, ஏமாற்றியதை ஒரு பெண் சொன்னால், அந்தப் படம் வெளியே போனபின் அவருக்கு என்ன நேரும் என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சரி, நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் எங்கே தொடங்குவது? இன்று கேமரா வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. கைப்பேசியே போதும். ஞாயிற்றுக்கிழமை பசியாறிய பிறகு பாட்டியைச் சன்னல் ஓரம் உட்கார வையுங்கள். வெளிச்சம் அவர் முகத்தில் விழட்டும். அவருக்குப் பின்னால் விழக் கூடாது. கைப்பேசியைப் படுக்கை வாட்டத்தில், ஆடாமல் எதன்மேலாவது சாய்த்து வையுங்கள். காற்றாடியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிடுங்கள். படம் கொஞ்சம் மங்கினாலும் பொறுத்துக்கொள்ளலாம். பேச்சுக் கேட்காவிட்டால் எல்லாம் வீண்.

கேள்வி கேட்பதில்தான் திறமை இருக்கிறது. “உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள் பாட்டி” என்றால், “என்னத்தைச் சொல்ல!” என்று வாயை மூடிக்கொள்வார். “முதல் நாள் பால் வெட்டப் போனபோது உங்களுக்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தது யார்?” என்று கேளுங்கள். “மழை பெய்து வெட்டு நின்றுபோன நாளில் அடுப்பில் என்ன வெந்தது?” என்று கேளுங்கள். “சம்பளம் வாங்கியதும் யார் கையில் கொடுத்தீர்கள்?” என்று கேளுங்கள். கதை தானாக வரும். பேசும்போது அவருடைய கைகளையும் எடுங்கள். உளி பிடித்த கை இன்னமும் அந்தப் பிடியை மறந்திருக்காது. எடுத்து முடித்ததும் அவருக்குத்தான் முதலில் போட்டுக் காட்ட வேண்டும். வேண்டாம் என்று அவர் சொல்லும் பகுதியை நீக்கிவிடுங்கள். ஒரு பிரதியை வேறோர் இடத்திலும் சேமித்து வையுங்கள்.

முறையாகக் கற்க விரும்புவோருக்கும் வழி இருக்கிறது. கோலாலம்பூரில் உள்ள அஸ்வாரா கலைக் கழகத்தில் திரைத்துறைப் படிப்பு உண்டு. பெட்டாலிங் ஜெயாவிலிருந்து செயற்பட்டுவந்த கோமாஸ் அமைப்பு 2003இல் தொடங்கிய பிரீடம் பிலிம் பெஸ்ட் என்ற விழா, சமுதாயப் பிரச்சினைகளைப் பற்றிக் குறும் ஆவணப்படம் எடுக்க விரும்புவோருக்கு உதவித் தொகையும் பயிற்சியும் அளித்து வந்திருக்கிறது. மகள் இந்தத் துறைக்குப் போக வேண்டும் என்று கேட்டால், “சினிமாவா? வேண்டாம்!” என்று பெற்றோர் ஒரே சொல்லில் அடைத்துவிட வேண்டாம். எங்கே படிக்கிறாள், யாரோடு போகிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பது உங்கள் கடமை. கேட்ட பிறகு வழிவிடுவதும் உங்கள் கடமைதான்.

எடுத்த படத்தை எங்கே காட்டுவது என்ற கவலை வேண்டாம். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கோயில் மண்டபங்களுக்கும் தமிழ்ப்பள்ளி மண்டபங்களுக்கும் குறைவில்லை. மாதர் பகுதிக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பத்து நிமிடப் படம் நான்கைப் போட்டுப் பார்த்து, அதைப் பற்றிப் பேசவும் நேரம் இருக்கும். முன்பு திடலில் கட்டிய அதே வெள்ளைத் துணியை மண்டபத்தில் கட்டுங்கள். அதில் இந்த முறை நம் தாய்மார் முகம் தெரியட்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ தோட்டங்கள் இன்று தாமான்களாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறிவிட்டன. லயம் இருந்த இடத்தைக் காட்டச் சொன்னால், “இந்தச் சாலை விளக்கு இருக்கிற பக்கந்தான்” என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டோம். தோட்டம் போயிற்று, அதில் உழைத்த பெண்கள் இன்னும் சிலர் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு எண்பது வயதும் அதற்கு மேலும் ஆகிறது. நமக்கு இருக்கும் காலம் அதிகமில்லை.

ஆகவே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். மகளின் கையில் கைப்பேசியைக் கொடுங்கள். அந்த முதல் கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்.